முந்தி வந்த பிறந்தநாள்

எனக்கு எட்டு வயது நிறைந்த ஆண்டில் என் பிறந்தநாள் ஒரு வியாழக்கிழமை வந்திருக்க வேண்டும். அது ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட்டது. பிறந்தநாளை இப்படி முன்னால் இழுத்து வைத்துக்கொள்ளலாம் என்பது எனக்கு அதுவரை தெரியாது. அம்மாவிடம் கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமன்னாத்தான் எல்லாரும் வருவாக. மாமாவுக்கும் அன்னைக்குத்தான் தோது" என்றாள்.

அப்படியானால் வியாழக்கிழமை வரும்போது நான் இன்னொரு முறை எட்டு வயது ஆவேனா என்று கேட்டேன். அம்மா அரிசி களையப் போய்விட்டாள்.

மாமா அம்மாவின் தம்பி. பாம்பனில் எங்களோடுதான் இருந்தார். விசைப்படகு இன்ஜின்களைப் பழுது பார்ப்பது அவர் வேலை. எத்தனை முறை சோப்புப் போட்டுக் குளித்தாலும் அவரிடமிருந்து டீசல் வாசம் போகாது. அந்த வாசம் வீட்டுக்குள் வந்தால்தான் எனக்குச் சாயங்காலம் ஆகும். ஒருமுறை தூத்துக்குடியில் ஏதோ ஒரு படகுக்கு வேலை என்று ஒரு வாரம் போய்விட்டார். நான் சோறு தின்ன மாட்டேன் என்று அடம்பிடித்து, கடைசியில் காய்ச்சலும் வரவழைத்துக்கொண்டேன். அந்தக் காய்ச்சலை நான் மறந்துவிட்டேன். வீட்டில் மற்றவர்கள் மறக்கவில்லை.

பிறந்தநாள் கேக் பற்றிய பேச்சைத் தொடங்கி வைத்தது ரிஸ்வானா. என் வகுப்பில் பக்கத்து இடத்தில் உட்காருகிறவள். அவள் வாப்பா சவுதியில் இருந்தார். அவள் பிறந்தநாளுக்கு ராமேஸ்வரத்திலிருந்து காரில் வைத்துக் கேக் கொண்டுவந்தார்கள். இரண்டு அடுக்கு. ஓரமெல்லாம் ரோஸ் நிறத்தில் பூ. வீடு நிறைய பலூன். மறுநாள் வகுப்பில் எல்லோரும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. என் பிறந்தநாளுக்கு மூன்று அடுக்குக் கேக் என்று சொல்லிவிட்டேன். வகுப்பு முழுவதும் அந்தச் செய்தி பரவி முடிந்த பிறகுதான் வீட்டில் சொன்னேன்.

அப்பாவை நான் அய்யா என்றுதான் கூப்பிடுவேன். அய்யா சிரித்துவிட்டார். "மூணு அடுக்கா? நம்ம வீடே ஒரு அடுக்குதானத்தா!"

மாமா சிரிக்கவில்லை. தாடையைச் சொறிந்துகொண்டு கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். ஓடாத இன்ஜின் முன்னால் உட்காரும்போதும் அப்படித்தான் பார்ப்பார்.

"அடுக்குதான வேணும்? அடுக்கிருவோம்" என்றார்.

அந்த வாரம் முழுவதும் மாமா வேலைக்குப் போகவில்லை. என் பிறந்தநாளுக்காக லீவு போட்டிருக்கிறார் என்று நினைத்து எனக்குத் தலை கால் புரியவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வாசலில் பழைய சாக்கை விரித்து உட்கார்ந்திருப்பார். வலையில் கட்டும் மிதவை உருண்டைகளை எங்கிருந்தோ வாங்கி வந்து, படகுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்டை எடுத்து நீலமும் மஞ்சளுமாகப் பூசினார். பலூன் என்றால் மறுநாள் சுருங்கிப்போகும், இது அடுத்த வருசத்துக்கும் ஆகும் என்றார். கடல்காற்றில் பெயிண்ட் காயவே இல்லை. தொட்ட விரலெல்லாம் நீலமானது. அம்மாவின் பழைய சேலைக் கரைகளைக் கிழித்து, அவற்றில் உருண்டைகளைக் கட்டிக் கூரையிலிருந்து தொங்கவிட்டோம்.

எட்டு என்ற எண் வடிவத்தில் மெழுகுவத்தி வேண்டும் என்று நான்தான் கேட்டேன். ரிஸ்வானா கேக்கில் அப்படித்தான் இருந்தது. மாமா என்னைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். ஈரமணலில் விரலால் ஆழமாக எட்டுப் போட்டு, நடுவில் ஒரு திரியை நிறுத்தி, உருக்கிக் கொண்டுபோன மெழுகை அதில் ஊற்றினார். ஆறியதும் தோண்டி எடுத்தால் உடம்பெல்லாம் மணல் ஒட்டிய சுருண்ட இறால் ஒன்று கையில் இருந்தது.

"நல்லாருக்கா?"

"இறா மாதிரி இருக்கு."

"எட்டு வயசு இறா" என்றார் மாமா.

மீன் ஏற்றுகிற தெர்மாகோல் பெட்டிகள் இரண்டை வெட்டி வட்டமாக ஒட்டி, கீழ் அடுக்கும் நடு அடுக்கும் செய்தார். சீயக்காய் போட்டுத் தேய்த்து வெயிலில் காயவைத்தும் மீன் வாடை போகவில்லை. தெருப் பூனைகள் சுற்றிச் சுற்றி வந்தன. மேல் அடுக்கு மட்டும் நிஜக் கேக். அதை அம்மா செய்தாள். பழைய அலுமினியச் சட்டியில் மணலைச் சூடாக்கி, அதற்குள் கேக் பாத்திரத்தை வைத்து மூடினாள். முதல் கேக் நடுவில் குழி விழுந்து போனது. "பணியாரந்தான இது, இதுக்கு எதுக்கு இம்புட்டு பாடு?" என்று கேட்டுக்கொண்டே அய்யா முக்கால்வாசியைத் தின்றார். இரண்டாவது நன்றாக எழும்பியது. டால்டாவையும் பொடித்த சீனியையும் குழைத்து மூன்று அடுக்குக்கும் ஒன்றுபோலப் பூசினோம். பூசி முடித்துத் தள்ளி நின்று பார்த்தபோது எது கேக், எது மீன்பெட்டி என்று எனக்கே தெரியவில்லை.

அந்த வாரத்தில் வீட்டுக்குப் புதிதாக ஒரு பெரிய பையும் வந்தது. எதற்கு என்று கேட்டேன்.

"திங்கக்கெழம காலையில ராம்நாடு போறேன். இன்ஜினுக்கு ஸ்பேர் வாங்கணும்" என்றார் மாமா.

"சாயங்காலம் வந்துருவியா?"

"வராம எங்கன போவேன்?"

ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் வீடு அப்படி நிறையும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. என் வகுப்புப் பிள்ளைகள் வந்தார்கள். அது சரிதான். படகுக்காரர்கள் வந்தார்கள். ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறவர் வந்தார். மண்டபம் ஊரிலிருந்து மாமாவின் கூட்டாளிகள் வந்தார்கள். தெருப் பெண்கள் ஒருவர் பாக்கியில்லாமல் வந்தார்கள். ரிஸ்வானா வீட்டில்கூட இத்தனை பேர் வரவில்லை என்று மனதுக்குள் எண்ணி எண்ணிப் பூரித்துக்கொண்டேன்.

அவர்கள் கொண்டுவந்த பரிசுகள்தான் விளங்கவில்லை. ரிஸ்வானா பளபளவென்ற தாளில் சுற்றி ஒரு பென்சில் பெட்டி கொடுத்தாள். பெரியவர்களோ சீலாக் கருவாடு, பருப்புப் பொடி, எலுமிச்சை ஊறுகாய், இறால் வறுவல் என்று பொட்டலம் பொட்டலமாகக் கொடுத்தார்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு யாராவது கருவாடு கொடுப்பார்களா? அதுவும் போகட்டும் என்றால், அத்தனையும் மாமாவின் புதுப் பைக்குள் போய்க்கொண்டிருந்தது.

"அம்மா, எனக்கு வந்த கிப்ட்டயெல்லாம் மாமா பையில வைக்கிறாக."

"இருக்கட்டும்த்தா. மாமா பத்திரமா வச்சுக்கிருவான்" என்றாள் அம்மா. அவள் குரல் சளி பிடித்த மாதிரி இருந்தது.

இறால் மெழுகுவத்தி மணலோடு சடசடவென்று எரிந்தது. ஊதி அணைத்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். மேல் அடுக்கை வெட்டி முதல் துண்டை மாமாவுக்கு ஊட்டினேன். மாமா அதை மென்றுகொண்டே இருந்தார். அடுப்பில் பால் இருக்கிறது என்று அம்மா உள்ளே ஓடினாள். பால் எதுவும் அடுப்பில் இல்லை என்று எனக்குத் தெரியும், பாத்திரத்தைக் கழுவி வைத்ததே நான்தான்.

மேல் அடுக்கு பெரியவர்களுக்கே சரியாகப் போயிற்று. ரிஸ்வானா தட்டை நீட்டினாள்.

"எனக்கு நடு அடுக்குல இருந்து ஒரு துண்டு தா."

மாமாவைத் தேடினேன். அவரை வாசலில் ஆட்கள் சூழ்ந்து நின்றார்கள். வேறு வழியில்லாமல் கத்தியை நடு அடுக்கில் வைத்து அழுத்தினேன். கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. பல் கூசுகிற சத்தம். வெள்ளைப் பொடி உருண்டை உருண்டையாக உதிர்ந்தது.

"அய்யே, தெர்மாகோலு!" என்று ஒரு பையன் கத்தினான். பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிப்பு ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போவதை நான் கேட்டுக்கொண்டே நின்றேன். நாளைக்கு எந்த முகத்தோடு பள்ளிக்கூடம் போவது? கண் நிறைந்து கேக் இரண்டாகத் தெரிந்தது.

மாமா கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

"ஏலே, அத யாருலே வெட்டச் சொன்னது? அது வெட்டுற அடுக்கு இல்ல. தெறக்குற அடுக்கு!"

நடு அடுக்கின் மூடியை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினார். உள்ளே ஆரஞ்சு மிட்டாயும் கடலை மிட்டாயும் நிரம்பிக் கிடந்தன. அதை எடுத்து வைத்துவிட்டுக் கீழ் அடுக்கைத் திறந்தார். அதில் முறுக்கு, சீடை, பிள்ளைக்கு ஒன்றாக ஊதல். எனக்கே சொல்லாமல் எப்போது நிரப்பினார் என்று தெரியவில்லை. சிரித்த பையன்தான் முதலில் கையை விட்டான். மிட்டாயில் லேசாக மீன் வாடை அடித்தது. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அது ஒரு வாடையே இல்லை.

"எங்க கேக்குக்குள்ள ஒண்ணுமே இல்ல" என்றாள் ரிஸ்வானா. அன்றைக்கு எனக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை.

ஊதல் சத்தத்தில் வீடு இரண்டுபட்டது. அய்யா மாமாவின் தோளில் கைபோட்டபடி நின்றார். அப்படி அவர் நின்று நான் பார்த்ததே இல்லை. ரிஸ்வானாவின் உம்மா அடுப்படியில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தண்ணீர் குடிக்கப் போனபோது அவர் சொன்னது காதில் விழுந்தது.

"மொத மாசந்தான் கஷ்டமா இருக்கும். பெறகு பழகிரும். பழகாட்டியும் பழகிருச்சுன்னு சொல்லிக்கிருவோம்."

அம்மா அந்த நாட்களில் முட்டிவலிக்கு ஏதோ கசாயம் குடித்துவந்தாள். அதைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று எண்ணிக்கொண்டேன்.

மறுநாள் விடியும்போது மாமா என் பாயருகில் வந்து குனிந்தார். புதுச்சட்டை வாசம் அடித்தது. டீசல் வாசமே இல்லை.

"வாரேன்த்தா."

"வரையில பலூன் வாங்கிட்டு வா" என்றேன், பாதித் தூக்கத்தில்.

"சரித்தா" என்றார். நான் புரண்டு படுத்தேன்.

மாமா போனது பஹ்ரைனுக்கு. அங்கே மீன்பிடிப் படகுகளுக்கு இன்ஜின் மெக்கானிக். முதல் முறை அவர் திரும்பி வந்தபோது நான் அவர் தோள் உயரத்துக்கு வளர்ந்திருந்தேன். என்னைத் தூக்குவதா வேண்டாமா என்று அவரும், கிட்டே போவதா வேண்டாமா என்று நானும் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தோம்.

இதெல்லாம் பிற்பாடு. அந்தத் திங்கட்கிழமை நான் சந்தோஷமாகத்தான் பள்ளிக்கூடம் போனேன். மூன்று அடுக்குக் கேக்கைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது ரிஸ்வானா மெதுவாகக் கேட்டாள்.

"ஒங்க மாமா போய்ச் சேந்துட்டாங்களா? போன் வந்துச்சா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. "ராம்நாடு போறதுக்கு எதுக்குடி போனு? சாயங்காலம் பலூனோட வந்துரும்."

ரிஸ்வானா என்னையே பார்த்தாள். அவள் டப்பாவில் அன்று இரண்டு சமோசா இருந்தது. அவள் உம்மா செய்யும் சமோசாவை அவள் யாருக்கும் கிள்ளிக்கூடத் தந்ததில்லை. இரண்டையும் எடுத்து என் தட்டில் வைத்தாள்.

"நீயே தின்னு. எனக்கு இன்னைக்குப் பசிக்கல."

பசி இல்லை என்றால் இல்லைதான் என்று நினைத்து, இரண்டையும் தின்றுவிட்டு விளையாட ஓடினேன்.