புழு வளர்த்த டீச்சர்

தமிழ்ப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருப்பவளுக்குப் புழு வளர்ப்பதும் சம்பளத்தில் அடக்கம். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட சக ஆசிரியர்களே, உங்களுக்காவது என் வயிற்றெரிச்சல் புரியும். கூட்டை உடைத்து வண்ணத்துப்பூச்சி வெளியே வருவதைக் கண்ணெதிரே காட்டுகிறேன் என்று இரண்டாம் ஆண்டு வகுப்புச் சின்னப் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்துத் தொலைத்தேன்.

மொட்டைச் செடி

குனோங் ராபாட்டில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு கறிவேப்பிலைச் செடி உண்டு. எங்கள் வரிசையில் ஒரு வீட்டுச் செடி என்றால் எல்லா வீட்டுக்கும் சொந்தம். யாரும் கேட்டுப் பறிப்பதில்லை. அதில் புழுக்கள் வந்ததும் 'தயவுசெய்து பறிக்காதீர்கள்' என்று அட்டை கட்டினேன்.

பள்ளி முடிந்து வந்தால் அட்டை இருக்கிறது, இலை இல்லை. பக்கத்து வீட்டு மேரி அக்கா, மகள் நிச்சயதார்த்தச் சமையலுக்கு வெட்டியிருக்கிறார். "புழுவெல்லாம் எங்கே அக்கா?" என்று கத்தினேன்.

"பயப்படாதீங்க டீச்சர், ஒண்ணுகூட கறியில விழல. எல்லாத்தையும் உதறி, தண்ணி ஊத்தி வாசல் சாக்கடை லோங்காங்ல தள்ளிட்டேன் லா."

பாசார் இலை

வெட்டிய தண்டில் இரண்டு புழுக்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. பிஸ்கட் டப்பாவில் வைத்து, பாசாரில் கறிவேப்பிலை வாங்கிக் கழுவிப் போட்டேன். பெரியது ஆசையாகத் தின்றது. சாயங்காலத்துக்குள் சுருண்டு செத்தது. சின்னது தோலுரிக்கும் மும்முரத்தில் சாப்பிடாமல் இருந்ததால் பிழைத்தது. மறுநாள் செத்த புழுவைத் தாளில் மடித்துக் கொண்டுபோய்க் கடைக்காரர் முன்னால் விரித்தேன். மனுஷன் சிரிக்கிறார்!

"அக்கா, மருந்து புழுவுக்குத்தானே அடிக்கிறாங்க? மனுசனுக்கு ஒண்ணும் ஆகாது லா. நாங்களும் அதத்தான் சாப்பிடுறோம்."

அதிகாரி வருகிறார்

எங்கள் பள்ளி சுங்கை சிப்புட் பக்கம், பழைய ரப்பர் தோட்டத்துக்குள் இருக்கிறது. பின்னால் ஆளில்லாத தொழிலாளர் லயத்தில் மருந்து படாத கறிவேப்பிலை கிடைத்தது. புழுவைக் கண்ணாடிப் போத்தலுக்கு மாற்றிக் குச்சியும் வைத்தேன்; இலையைத் தின்று குச்சியில் கூடு கட்டியது. போத்தலோடு வகுப்பில் வைத்தேன். சத்தம் போடும் பிள்ளைகள் அதன் பக்கத்தில் வந்தால் மூச்சைக்கூட மெதுவாக விட்டார்கள். ஒரு காலையில் கூடு கண்ணாடிபோலத் தெளிந்து, உள்ளே கறுப்பும் மஞ்சளுமாகச் சிறகு தெரிந்தது. அப்போதுதான் தலைமையாசிரியர் வந்தார். மேலிடத்து அதிகாரி வருகிறாராம். இரண்டாம் ஆண்டு முழுவதும் மண்டபத்துக்கு வர வேண்டுமாம். அதிகாரி காட்டப்போவது என்ன தெரியுமா? வண்ணத்துப்பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சி! நிஜமானது இங்கே இருக்கிறதே என்று கெஞ்சினேன். பிறகு சண்டையே போட்டேன்.

"டீச்சர், புரொஜெக்டர் எல்லாம் போட்டாச்சு. வீடியோவுல இன்னும் பெருசா தெரியும் லா."

வெறும் கூடு

திரும்பி வந்தபோது கூடு காலி. சிறகு காய்ந்து, பறக்கத் தயாராகக் குச்சியில் உட்கார்ந்திருந்தது பூச்சி. பிள்ளைகள் கைதட்டவில்லை. ஆத்திரத்தில் எனக்குக் கண் கலங்கியது. முன் வரிசை கவிதா என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"டீச்சர், நாங்க பார்க்கலையே. இன்னொரு வாட்டி உள்ள போயிட்டு வரச் சொல்லுங்களேன்."

வண்ணத்துப்பூச்சியின் எதிரிகள் என்று பாடநூலில் பறவை, பல்லி, எறும்பு மூன்றையும் போட்டிருக்கிறார்கள். எங்களையெல்லாம் சேர்த்தால் பக்கம் போதாது என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.