பச்சைத் துணிக்கு அடியில் ஒரு கை

டாக்டர் ஹெலன் இறந்துவிட்டார். நேற்று, பெருங்களத்தூர் வீட்டில், தனியாக இருந்தபோது.

சொன்னவர் சேலையூரில் எங்கள் நாய்க்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் வினோத். "சார்... ஹெலன் மேடம் போயிட்டாங்க."

இங்கே பலருக்கு அவரைத் தெரிந்திருக்காது. கால்நடை மருத்துவர், ஆனால் மயக்க மருந்து கொடுப்பது மட்டும்தான் வேலை. சொந்த கிளினிக் கிடையாது.

தாம்பரம், கூடுவாஞ்சேரி, நாவலூர்... ஆபரேஷன் எங்கே என்று போன் வருகிறதோ அங்கே ஸ்கூட்டரில் போவார். பின் சீட்டில் கயிறு போட்டுக் கட்டிய ஒரு நீலப் பெட்டி.

நாயைக் கொண்டுவந்தவர்கள் ஆபரேஷன் செய்த டாக்டருக்கு நன்றி சொல்வார்கள். அதற்குள் இவர் அடுத்த கிளினிக்குக் கிளம்பியிருப்பார்.

எனக்கு அவரைத் தெரிய வந்தது எங்கள் நாய் பிரவுனியால். மனைவி போன பிறகு வீட்டில் என்னோடு இருக்கும் ஒரே உயிர். போன வருஷம் அவனுக்கு மண்ணீரலில் கட்டி.

ஆபரேஷன் அறைக்குள் நானும் இருக்கலாமா என்று ஹெலனிடம் கேட்டேன். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"இருங்க சார். பேசக்கூடாது. மயங்கி விழறதா இருந்தா வெளிய போய் விழுங்க. என்னால ரெண்டு பேஷன்ட் பாக்க முடியாது."

மூலையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். உட்கார்ந்தேன்.

பிரவுனியின் மேல் பச்சைத் துணி போர்த்தினார்கள். ஹெலன் அதன் அடியில் கையை விட்டு, பின்னங்காலின் உள்பக்கம் நாடி துடிக்கும் இடத்தில் விரல்களை வைத்தார். அப்புறம் எடுக்கவேயில்லை. கண்ணாடி சரிந்தபோதுகூட நர்ஸிடம், "கொஞ்சம் ஏத்தி விடும்மா" என்றார்.

மானிட்டர் ஒரே சீராக ஒலித்துக்கொண்டிருந்தது. அதைக் கேட்கக் கேட்க எனக்கு நிம்மதியாக இருந்தது...

திடீரென்று தலையைத் தூக்கினார். "வினோத், எங்கயோ ரத்தம் போகுது. பாருப்பா."

"இல்ல மேடம், இங்க கிளீனா இருக்கு. ஹார்ட் ரேட் பாருங்க, ஆடவே இல்ல. சூப்பரா இருக்கு."

"ஃபென்டனில் குடுத்திருக்கேன். அது ஆடாது. கைல பல்ஸ் நூல் மாதிரி ஆயிடுச்சு. கட்டுன இடத்தைத் திரும்பப் பாரு."

பிரஷர் கருவி அடுத்த முறை அளப்பதற்குள் வினோத் கண்டுபிடித்துவிட்டார். ரத்தக்குழாயில் போட்ட ஒரு கட்டு நழுவி, உள்ளே ஆழத்தில் ரத்தம் தேங்கியிருந்தது.

பிரவுனி பிழைத்தான்.

பிறகு வாசலில் டீ குடித்துக்கொண்டே, ஃபென்டனில் கொடுத்தால் இதயம் ஏன் ஆடாது என்று ஹெலனிடம் கேட்டேன். எழுதுகிறவனின் தொழில் புத்தி, கேட்காமல் இருக்க முடியாது.

"ரத்தம் குறைஞ்சா பிரஷர் இறங்கும் சார். உடனே ஹார்ட் பதறி வேகமா ஓடணும். அது உடம்போட அலாரம். இந்த மருந்து வலியை எடுக்கும், ஹார்ட்டை மெதுவாக்கும், அந்தப் பதற்றத்தையும் மழுக்கிடும்."

"அதாவது இதயம் தூங்கிடும்?"

"தூங்காது! எங்கயாவது அப்படி எழுதி வெச்சிடாதீங்க. பதில் சொல்றது குறையும். அவ்வளவுதான்."

மேல்படிப்பில் அவர் ஆராய்ந்ததே இதைத்தான். மயக்கத்தில் இருக்கும் நாயின் மேசையைத் தலைப்பக்கம் மெல்ல உயர்த்துவது. ரத்தம் கீழே இறங்கும்போது இதயம் வேகமெடுக்கிறதா என்று பார்ப்பது.

"சிலது கொஞ்சம் ஓடும். சிலது அசையவே அசையாது. ஒரே டோஸ், ஒரே டேபிள்... அதுலேர்ந்து நான் எந்த நாயையும் நம்பறதில்ல சார்" என்று சிரித்தார்.

அப்படியானால் ஏன் அந்த மருந்து என்று கேட்டேன்.

"வலிக்குமே சார். குடுத்துட்டு நாமதான் பக்கத்துல உக்காரணும்."

அன்று சாயங்காலம் போன் செய்தார். "எழுந்தானா? தண்ணி குடிச்சானா?" எல்லா நாய்க்கும் அப்படிக் கேட்பாராம்.

எங்கள் வீட்டுக்கு மட்டும் அந்த போன் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் கூப்பிடுவார். பேச்சு முழுக்க பிரவுனிதான். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்றால், "எனக்கென்ன சார், ஓடுது" என்பார்.

பிரவுனிக்கு மறுபடி ஒரு கட்டி. அடுத்த வாரம் ஆபரேஷன். போன ஞாயிறு சொன்னார்... "நான் வந்து உக்காந்துக்கறேன். நீங்க அதே ஸ்டூல்ல உக்காருங்க."

இன்று காலை பெருங்களத்தூர் போனேன். சர்ச்சிலிருந்து சிலர், ஊரிலிருந்து வந்த அவர் தம்பி, நானும் வினோத்தும். அபார்ட்மென்ட் கீழே அவருடைய ஸ்கூட்டர். நீலப் பெட்டியை இன்னும் யாரும் அவிழ்க்கவில்லை.

கேட் பக்கத்தில் வினோத் நின்றிருந்தார். "சார், பிரவுனிக்கு வேற ஒருத்தரைக் கேட்டிருக்கேன். நல்ல டாக்டர். மானிட்டர்கூட புதுசு வெச்சிருக்கார்."

"கை வெச்சுப் பாப்பாரா?"

"நான் அவர்கிட்ட சொல்றேன் சார்."

வீட்டுக்கு வந்ததும் பிரவுனி வாசலில் என் செருப்பை மோந்து பார்த்துவிட்டு, ஃபேனுக்குக் கீழே போய்ப் படுத்தான். பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். பின்னங்காலின் உள்பக்கம் விரல்களை வைத்தேன்.

கிடைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவன் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தான். காலை இழுத்துக்கொள்ளவில்லை.

நன்றாகத் துடிக்கிறது, டாக்டர். தண்ணீர் குடித்துவிட்டான்.

போய் வாருங்கள்.