ஒரு சைஸ் குறைவு

எங்கள் பனியன் கம்பெனி கால்பந்து அணியின் கோல்கீப்பர், கட்டிங் பிரிவில் வேலை செய்பவர். உயரமானவர், அகன்ற உள்ளங்கை. பேசும்போது விரல்களை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டே இருப்பார்.

கம்பெனிகளுக்கு இடையிலான போட்டிக்கு அவருக்குக் கையுறை வாங்கும் பொறுப்பு, தரப் பரிசோதகரான என்னிடம் வந்தது. உள்ளங்கைச் சுற்றளவு, நடுவிரல் நீளம், மணிக்கட்டு என்று டேப் வைத்து எழுதிக்கொண்டேன். பனியன் துணியோடு பழகியவள் நான். போட்டால் இழுத்துக் கொடுக்கும் என்று ஒரு சைஸ் குறைத்து வாங்கினேன். கோல்கீப்பர் கையுறையில் விரல் நுனிக்கு மேல் கொஞ்சம் இடம் வேண்டும் என்பது எனக்குத் தெரியாது.

"சரியா இருக்குதுங்களா?" என்றேன்.

"கச்சிதமுங்க மேடம்."

"மேடம் அளவெடுத்திருக்காங்க. இனி கோல் உட்டீன்னா நீயே ரிஜெக்ட்டு," என்றார் பக்கத்திலிருந்த டெய்லர்.

முதலிபாளையம் மைதானத்தில் வேகமாக வந்த பந்து அவர் விரல் நுனியில் மோதியது. இறுக்கமான உறைக்குள் மோதிர விரல் எலும்பில் விரிசல் விழுந்துவிட்டது. மூன்று வாரம் அவரால் கட்டிங் மெஷினைத் தொட முடியவில்லை.

அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "அன்னைக்கே இறுக்கமா இருந்துச்சுங்களா?"

"இருந்துச்சுங்க."

"ஏனுங்க சொல்லல?"

"நீங்க டேப்பு வெச்சு எடுத்த அளவுங்க. அதைப் போயி தப்புன்னு சொல்றதுங்களா?" என்று சிரித்தார்.

இப்போது வேலைக்குத் திரும்பிவிட்டார். நேற்று அவர் வெட்டிய துணி கால் அங்குலம் குறைகிறதென்று திருப்பிக் கொடுத்தேன். "சரிங்க மேடம்," என்று வாங்கிக்கொண்டு நடந்தார். உண்மையிலேயே குறைகிறதா, நான் சொன்னதால் ஒப்புக்கொண்டாரா என்று தெரியவில்லை. டேப்பை எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே போனேன்.