கேட்காமல் எடுத்த படம்

நாயைப் படமெடுக்கவும் அனுமதி கேட்க வேண்டிய ஊரில் ஆறு வருடமாக இருக்கிறேன். ஸ்டுட்கார்ட்டில் எங்கள் தெருமுனை பேக்கரி வாசலில் கட்டியிருந்த ஒரு குட்டைக்கால் நாயைச் சென்ற வாரம் கேமராவில் பிடித்தேன். ரொட்டிப் பையோடு வெளியே வந்த அதன் சொந்தக்காரர், புன்னகை மாறாமல், படத்தை அழிக்கச் சொன்னார். அழித்தேன். நாய் என்னவோ வாலை ஆட்டிக்கொண்டுதான் நின்றது. நம் ஊரில் எல்லாம் தலைகீழ். வானூர்ச் சந்தையில் கேமராவை வெளியே எடுத்தால் போதும், "ஏம்பா, என்னயும் ஒண்ணு எடு" என்று காய்கறிக்காரர் தராசை விட்டுவிட்டு மீசையை நீவிக்கொள்வார். நான் வானூர்க்காரன். ஊரில் இருந்தவரை கேமராவைத் தொட்டதில்லை. பேச ஆளில்லாத ஞாயிற்றுக்கிழமைகளைத் தள்ளுவதற்காக இங்கே வந்துதான் வாங்கினேன்.

போன வருட விடுமுறையில், மரக்காணம் உப்பளத்தில் காலை வெயில் ஏறுமுன் ஒரு படம் எடுத்தேன். புடவைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்ட ஒரு பெண், தலையில் உப்புக் கூடையோடு வரப்பில் வருகிறார். பின்னால் வருபவர் ஏதோ சொல்ல, வாய்விட்டுச் சிரிக்கிறார். அவருக்குத் தெரியாமல் தூரத்திலிருந்து எடுத்தது. தெரிந்திருந்தால் அந்தச் சிரிப்பு கிடைத்திருக்காது.

இங்குள்ள போட்டோ கிளப் கண்காட்சியில் அதைப் பெரிதாக்கி மாட்டினோம். பார்க்க வந்த ஒரு பெண்மணி வெகுநேரம் அதன்முன் நின்றுவிட்டு, "வைஸ் ஸீ தாஸ்?" என்றார். வைஸ் என்றால் வெள்ளை. உப்பின் வெண்மையைத்தான் வியக்கிறார் என்று நினைத்து, "ஆமாம், அவ்வளவும் உப்பு!" என்றேன் பெருமையாக. அவர் குழம்பிப்போய் மெதுவாகத் திருப்பிச் சொன்னார். ஜெர்மனில் 'வைஸ்' என்பதற்குத் 'தெரியும்' என்றும் பொருளுண்டு. "இது அவருக்குத் தெரியுமா?" என்றுதான் கேட்டிருக்கிறார். அன்று மாலையே படத்தைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

இந்தச் சித்திரையில் அதை எடுத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போனேன். படத்தைப் பார்த்ததுமே டீக்கடைக்காரர், "நம்ம செல்விங்க இது" என்று கைகாட்டினார். செல்வி கூடையை இறக்கிவிட்டு வந்தார். கேட்காமல் எடுத்ததையும் ஜெர்மனியில் மாட்டியதையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

"எத்தினி பேரு பாத்தாங்க?"

"நூறு பேராவது இருக்கும்க்கா."

"நூறு பேரா! மேல் பட்டன் பிஞ்சிருக்குது பாருங்க. அதுவும் எங்க வூட்டுக்காரரு சட்ட. வேற துணியே இல்லாதவன்னுதான நெனச்சிருப்பாங்க?"

கோபம் நிஜமாகவே இருந்தது. எனக்குப் பிடித்ததெல்லாம் அந்தச் சிரிப்பு. பட்டனை நான் கவனித்ததேயில்லை. "மன்னிச்சிடுங்கக்கா, கம்ப்யூட்டர்ல இருக்கறதையும் அழிச்சிடறேன்" என்றேன். அவர் படத்தைத் தள்ளிப் பிடித்து இன்னொரு முறை பார்த்தார்.

"சிரிப்பு நல்லாத்தான் இருக்குது. இத நான் வச்சிக்கிறேன். அங்க மாட்டறதுக்கு வேற எடுங்க. ஞாயித்துக்கெழம வூட்டுக்கு வாங்க, சொல்லிட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவை, தலை நிறையக் கனகாம்பரம். பிளாஸ்டிக் நாற்காலியில் ஆதார் கார்டுக்கு உட்கார்வதுபோல் விறைப்பாக உட்கார்ந்தார். கொஞ்சம் சிரிக்கச் சொன்னேன். "அது அளத்துல. இது வூட்டுல" என்றுவிட்டார். அப்படியே எடுத்தேன். திரையில் பார்த்துத் திருப்தியானதும் கையை நீட்டினார்.

"இப்ப கேமராவக் குடுங்க. நீங்க பாட்டுக்கு அளத்துப் பக்கம் போங்க. எப்ப எடுப்பேன்னு சொல்ல மாட்டேன்."

எந்தப் பொத்தான் என்று மட்டும் காட்டிவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு நடந்தேன். பாத்தியில் இறங்கும்போது, பின்னாலேயே வந்திருந்த அவர் கூப்பிட, திரும்பினேன். கிளிக்.

"யாருங்க இது, வெள்ளக்காரன் மாதிரி!" என்று திரையைக் காட்டிச் செல்வி சிரித்த சிரிப்பு, நான் எடுத்த படத்தில் இருந்ததைவிடப் பெரியது. அதை எடுக்கத்தான் என் கையில் கேமரா இல்லை.

கிளப் சுவரில் இப்போது பட்டுப்புடவைச் செல்வி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். அவர் எடுத்த படம் என் அறையில் இருக்கிறது. சற்றுக் கோணலாகச் சாய்ந்த அடிவானம். அதற்குக் கீழே, கழற்றிய ஷூக்களைக் கையில் தூக்கிப் பிடித்தபடி, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒருவன். ஒரு கால் வெறுங்காலாக உப்புத் தண்ணீருக்குள். இன்னொன்று காலுறையோடு வரப்பின்மேல்.