கழுவெளியில் பிடித்த கொடுவா

சுனாமிக்கு அடுத்த வருஷம், கல்லூரி நண்பனின் சித்தப்பா கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தார். மரக்காணத்துக் கழுவெளி உப்பங்கழியில் தூண்டில் போட வேண்டும், கூட வருகிறாயா என்று கேட்டார். உடனே ஒப்புக்கொண்டேன். எனக்கு ஒரு காரணம் இருந்தது. உப்பளத்தில் வேலை செய்யும் அப்பா விஷக்காய்ச்சலில் கிடந்து அப்போதுதான் தேறிவந்தார். கஞ்சியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். "கொடுவா கொழம்பா இருந்தா ரெண்டு வாய் எறங்கும்" என்று மட்டும் சொன்னார். எங்கள் பக்கம் கொடுவா மீன் சிக்கினால், நல்ல விலைக்கு ஐஸ் பெட்டியில் ஏறிப் புதுச்சேரி ஓட்டல்களுக்குப் போய்விடும்.

மீனவக் குப்பத்து அண்ணன் ஒருவர் தன் தோணியில் எங்களை ஏற்றிக்கொண்டார். முந்தின நாள் அவரிடம் கேட்கப் போனபோதே அப்பாவின் கொடுவா ஆசையையும் சொல்லியிருந்தேன். உப்பளங்களைத் தாண்டியதும் நாணலும் பறவைகளும் தவிர ஒன்றுமில்லை. சித்தப்பா கனடாவின் ஏரிகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். சின்ன விமானம் தண்ணீரிலேயே இறங்கும். ஆளையும் தோணியையும் விட்டுவிட்டுப் பறந்துவிடும். ஒரு வாரம் கழித்துத்தான் திரும்பி வரும்.

"நடுவுல ஒடம்பு சரியில்லன்னா?" என்றார் அண்ணன்.

"சரியாகிற வரைக்கும் இருக்க வேண்டியதுதான்."

"காசு குடுத்துத் தொலஞ்சி போறீங்க, சொல்லுங்க."

சித்தப்பா சிரித்தார். அந்தச் சிரிப்போடே தூண்டில் வளைந்தது. முழங்கை நீளக் கொடுவா. வெள்ளியாய்த் துள்ளியது. எனக்குக் குழம்பு வாசனையே வந்துவிட்டது. அவர் கையை நனைத்துக்கொண்டு முள்ளைப் பதமாகக் கழற்றி, மீனைத் தண்ணீருக்குள் தாழ்த்தி விட்டுவிட்டார்.

அண்ணன் துடுப்பை நிறுத்தினார். "சார்! இன்னா பண்ணீங்க?"

"நாங்க அப்படித்தான். பிடிக்கிற சந்தோஷம் போதும்."

"தோணியில மூணு பேரு இருக்கோம். மீனு ஏறுனா மூணு பங்கு. உங்க பங்க விட்டுக்குங்க, எங்க பங்க எப்டி விடுவீங்க?"

"நான்தானே பிடிச்சேன்?"

"தோணிய நீங்களா தள்ளிக்கினு வந்தீங்க?" பிறகு என் பக்கம் கையை நீட்டினார். "இந்தத் தம்பியோட அப்பா கொடுவா கேட்டிருக்காரு. அதுக்குத்தான் வந்திருக்குது. வாயத் தொறந்துச்சா பாருங்க!"

"ஏம்பா சொல்லல?" என்றார் சித்தப்பா.

"உங்க மீனுன்னு நெனச்சேன் அங்கிள்."

உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். எங்கள் கரையில் வலைக்கயிற்றைத் தொட்டு இழுத்தவனுக்குக்கூட ஒரு கை மீன் உண்டு. எனக்கு அது தெரியும். ஆனாலும் தூண்டில் வைத்திருப்பவருக்கே மீன் சொந்தம் என்று மனசு எப்படியோ ஒப்புக்கொண்டிருந்தது. வீட்டில் முதலில் படித்தவன் நான். படிப்போடு சேர்ந்து இதுவும் எப்போது உள்ளே வந்தது என்று இன்றும் யோசிக்கிறேன்.

தண்ணீர் வடியத் தொடங்கியது. தோணி தரைதட்டுமுன் திரும்பலாம் என்றார் அண்ணன். சித்தப்பா கேட்கவில்லை. தூண்டிலை வீசிக்கொண்டே இருந்தார். கடைசியில் முதலாவதைவிடச் சிறியதாக ஒன்று சிக்கியது. பழக்கத்தில் கையை நனைத்தார். எங்களைப் பார்த்தார். மீனைத் தோணிக்குள் போட்டுவிட்டு, அது துடித்து அடங்கும்வரை நாணல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

கரையில் அண்ணன் மூன்றாக வெட்டினார். "தலை புடிச்சவருக்கு." தன் பங்கை வாழையிலையில் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார், அவர் வீட்டிலும் உலை கொதித்திருக்கும்.

"லாட்ஜ்ல இத வெச்சிக்கிட்டு நான் என்ன பண்றது?" என்று மீன் தலையை ஏந்தி நின்ற சித்தப்பாவை வீட்டுக்கே அழைத்துப் போனேன். அம்மா குழம்பு வைத்தாள். அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மெதுவாக முள் நீக்கிச் சாப்பிட்டார்.

"அந்த ஊருல மீனப் புடிச்சி இன்னா பண்ணுவீங்க?"

"பெரும்பாலும் விட்டுடுவோங்க."

அப்பாவின் கை நின்றது. "மறுபடியும் தண்ணியிலியா?"

"ஆமாங்க."

"அப்ப சாப்பாடு?"

"டின்னுல எடுத்துட்டுப் போவோம்."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்து புரையேறியது. தண்ணீர் குடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மாவிடம் தட்டை நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் சோறு போடு."