வாசலோடு நின்ற கறுப்பு உறை

பதினான்கு வருஷமாக ஊரார் வீடுகளின் மேல் சூரியத் தகடு மாட்டிவரும் கூரையக்காவுக்கு அந்த வேலை தெரியுமா என்ற சந்தேகம் திடீரென்று மேலிடத்துக்கு வந்துவிட்டது. சந்தேகத்தைத் தீர்க்க ஒரு வாரியம், வாரியத்துக்கு நானூறு பக்கத்தில் ஒரு விதிநூல், விதிநூலுக்கு ஒரு தேர்வு. தேறினால் சான்றிதழ். தேறாவிட்டால் அடுத்த மாதத்திலிருந்து அவள் கூரைகளைக் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்துக்கொள்ளலாம்.

அண்ணாந்து பார்ப்பதில் அந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு நிபுணர் உண்டு. கணவர் தையல்காரர், முக்காலியில் ஏறினாலே தலை சுற்றும். அவள் தொழிலுக்குப் போன முதல் வருஷம், வெயிலில் கிடந்த தகட்டின் ஒயரை இணைக்கும்போது பொறி தெறித்து விரல் வெந்துபோனது. வெளிச்சம் படுகிறவரை தகட்டில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். தையல்காரர் அளவு நாடாவோடு போய், கல்யாண மாப்பிள்ளைக்குக் கோட்டு தைப்பவரைப் போலத் தகட்டை அளந்து, இரட்டைக் கறுப்புத் துணியில் ஓர் உறை தைத்தார். அதைப் போர்த்தாமல் அவள் எந்த ஒயரையும் தொட்டதில்லை. மாலையில் வீடு திரும்பினால் அவர் சொல்வதும் ஒன்றே ஒன்றுதான்: “கையக் காட்டு.”

தேர்வு நாளில் கணவரோடு வந்தவளின் பையை வாசல் காவலாளி திறந்தார். வெளிப்பொருளுக்கு அனுமதி இல்லை. அதிலும் தரமுத்திரை இல்லாத உறை. தையல்காரர் தம் தையலையே முத்திரையாகக் காட்டிப் பார்த்தார். எடுபடவில்லை. உறையை மடியில் வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

உள்ளே, உச்சி வெயிலில் ஆளுக்கொரு தகடு, அரை மணி நேரம். மற்றவர்கள் மளமளவென்று மாட்டினார்கள். கூரையக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பத்து நிமிஷம் போயிற்று.

“என்னம்மா, மறந்துபோச்சா?” என்றார் தேர்வாளர்.

“மூடறதுக்கு ஒரு துணி குடுங்க சார்.”

“லிஸ்ட்ல துணி இல்லையேம்மா.”

“அப்ப நான் தொடமாட்டேன் சார். வீட்ல ஒருத்தருக்கு பதில் சொல்லணும்.”

தேர்வாளர் கடிகாரத்தைக் காட்டினார். அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். ‘பாதுகாப்பே நம் முதல் கடமை’ என்று வாரியம் உயரத்தில் கட்டியிருந்த துணிப் பதாகை கண்ணில் பட்டது. ஏணியைச் சாய்த்து ஏறினாள், அவிழ்த்தாள், இரண்டாக மடித்துத் தகட்டின்மேல் போர்த்தினாள். வாரியம் பிறந்த நாள்முதல் அந்த வாசகம் செய்த முதல் வேலை அதுதான். மிச்ச வேலையை ஒன்பது நிமிஷத்தில் முடித்தாள்.

வாரியச் சொத்தைக் கழற்றியதற்கு எவ்வளவு குறைக்கலாம் என்று தேர்வாளர் விதிநூலைப் புரட்டினார். ஐந்து மதிப்பெண். புரட்டிய கையோடு ஒட்டிக்கிடந்த இரு பக்கங்களை நகத்தால் பிரித்தபோது, தகட்டை மூடிய பிறகே இணைக்க வேண்டும் என்ற விதியும் அகப்பட்டது. மூடியவருக்குப் பத்து மதிப்பெண். விதிநூலை மூடிவைத்தார். பிறகு மற்றவர்களையெல்லாம் அடுத்த வாரம் மறுதேர்வுக்குத் துணியோடு வரச் சொன்னார்.

மாலையில் அவள் வெளியே வந்ததும் தையல்காரர் எழுந்தார். தேறினாயா என்று கேட்கவில்லை.

“கையக் காட்டு.”

வலது கையை நீட்டினாள். விரல் விரலாகத் திருப்பிப் பார்த்தார்.

“அந்தக் கை?”

முதுகுக்குப் பின்னாலிருந்து இடது கை வந்தது, சான்றிதழோடு. அவர் அதை வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு, அந்த ஐந்து விரல்களையும் பார்த்து முடித்தார்.

“எதப் போட்டு மூடின?”

“அவங்க பேனரத்தான்.”

“தையல் எப்படி?”

“ஓரம்கூட மடிச்சு அடிக்கல.”

தையல்காரர் திரும்பி அந்தக் கட்டடத்தை ஒருமுறை பார்த்தார். வாரியத்தை நினைத்து அவருக்குப் பாவமாக இருந்தது.