கிணற்றுக்குச் சீனி போட்டவள்

எங்கள் தீவின் தாராபுரத்தில், குறுகிய எங்கள் ஒழுங்கைக்குள் நல்ல தண்ணீர் என்றால் அது எங்கள் வீட்டுக் கிணறுதான். பெருமைக்குச் சொல்லவில்லை; தேத்தண்ணிக்கு ஒழுங்கையில் பாதிப்பேர் எங்கள் வளவுக்குத்தான் வாளியோடு வருவார்கள். மற்றக் கிணறுகளெல்லாம் குளிக்கவும் துவைக்கவும் மட்டும். அதனால் கல்யாண வீடுகளில் உம்மாவுக்கு எப்போதும் முன் கதிரை. உம்மா போட்டிருந்த சட்டம் ஒன்றே ஒன்று: மத்தியானம் லுகர் பாங்கு சொன்னதிலிருந்து பின்நேரம் அசர் பாங்கு வரை யாரும் வாளி விடக் கூடாது. கிணறு ஊற வேண்டும். ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை.

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது உம்மாவின் தம்பி வந்து இறங்கினார். ஊரெல்லாம் புது வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த நேரம். எங்கள் வளவில் சீமெந்து குழைத்துக் கல் அரிந்து விற்கப்போகிறேன் என்றார். கூடவே ஒரு தண்ணீர் மோட்டாரும் வந்தது. உம்மா முகத்தைச் சுளித்தார்.

“லாத்தா, களைச்சுப் போறதுக்குக் கிணறென்ன மாடா?” என்றார் மாமா.

சட்டத்தை மீறக் கூடாது என்ற நிபந்தனையோடு உம்மா இறங்கிவந்தார். சுவிட்சுக்குப் பொறுப்பு நான். எனக்குத் தலைகால் புரியவில்லை; பள்ளிக்கூடத்தில் அதிபருக்குக்கூட அவ்வளவு அதிகாரம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. லுகர் தொழுததும் உம்மா தையல் வகுப்புக்குப் போய்விடுவார். மாமா கண்ணைக் காட்டுவார், நான் சுவிட்சைப் போடுவேன். அசர் பாங்குக்கு முன் நிறுத்திவிட்டு நல்ல பிள்ளையாகப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பேன்.

இரண்டு மாதம் இப்படி ஓடியது. ஒருநாள் பக்கத்து வீட்டு மாமி வாளியைத் திருப்பிக் கொண்டுவந்து, தேத்தண்ணி உப்புக் கரிக்கிறது, தண்ணி சவராகிவிட்டது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். உம்மா கிணற்றில் அள்ளி மூன்று தரம் வாயில் வைத்துப் பார்த்தார். பிறகு கிணற்றுக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதார். மறுநாளிலிருந்து ஒழுங்கை முழுக்கத் தண்ணீர் பவுசர் வண்டிக்குக் காத்து நின்றது, உம்மாவும் அந்த வரிசையில் கடைசியாக நின்றார். மாமா மட்டும் அசரவில்லை. அடுத்த ஒழுங்கையில் தண்ணி வேறு என்று சொல்லி, மோட்டாரைக் கழற்றி அங்கே கூட்டாளியின் கிணற்றில் பூட்டினார்.

சுவிட்சைப் போட்டது நான்தானே. ஆனால் நான் அழுதுகொண்டு மூலையில் இருக்கிற ஆளில்லை. உப்புக்கு மருந்து எனக்குத் தெரியும். குசினி அலுமாரியிலிருந்த சீனி டின்னை எடுத்துப்போய் அப்படியே கிணற்றுக்குள் கவிழ்த்தேன். திரும்பினால் உம்மா நிற்கிறார்.

“ஏன் புள்ள சீனியக் கொட்டினனீ?”

“சவராக்கினது நான்தான், உம்மா.”

எல்லாவற்றையும் சொன்னேன். அடி விழும் என்று கண்ணை மூடினேன். உம்மா வெறும் டின்னைப் பார்த்துச் சிரித்தார், சிரித்தபடியே என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்.

“இனி மழைதான் மகள் பெய்யவேணும்.”

மழையா, அது வருசா வருசம் வருவதுதானே என்று எனக்கு நிம்மதியாகப் போய்விட்டது. ஆறில்லாத எங்கள் தீவு முழுக்க மழைத்தண்ணீர் மண்ணுக்கடியில், உப்புத் தண்ணீரின்மேல், பாலில் ஆடைபோலத்தான் கிடக்கிறது என்பதும், கிழிந்த ஆடை மறுபடி படியப் பல மாரி பிடிக்கும் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. உம்மாவின் மடியில் கிடந்தபடி, அடுத்த ஒழுங்கையில் மாமாவின் மோட்டார் இரைவதைக் கேட்டேன். பரவாயில்லை, மாமாவுக்காவது வேறு தண்ணீர் கிடைத்துவிட்டதே என்று சந்தோசப்பட்டேன்.